வீட்டுத் தோட்டத்தில் கண் நிற்க ஓர் இடம்

புது வீடு கட்டி, புண்ணியார்ச்சனை முடிந்த கையோடு நம்மவர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போய், குரோட்டன்ஸ், ரோஜா, அரளி, மணிபிளாண்ட் என்று பார்த்ததையெல்லாம் வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற மாதிரி நிறுத்திவிடுவார்கள். ரெண்டு மாசம் கழித்துப் பார்த்தால் செடியெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இடம் தோட்டமாக இருக்காது, இன்னொரு நர்சரியாக இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், 42 தொட்டி.

அங்கே குறைவது செடி இல்லை, பார்க்கிற கண் போய் நிற்பதற்கு ஓர் இடம். தோட்டம் அமைத்துக் கொடுக்கிறவர்கள் இதை ஃபோக்கல் பாயிண்ட் என்பார்கள். தமிழில் நடுநாயகம் என்று அழகான சொல் இருக்கிறது, மாலையில் பெரிதாகப் பதித்த அந்த ஒற்றைக் கல். பெயரில் நடு இருக்கிறதே என்று தோட்டத்தின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்கவும் வேண்டாம். காங்கேயம், தாராபுரம் பக்கம் இட்டேரியில் நடந்தவர்களுக்கு இது காலுக்கே தெரியும். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம், கடைசியில் ஒத்தைப் பனையோ, கருப்பராயன் கோயில் வேலோ. எதையும் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கண் அங்கேதான் போகும். கொங்கு நாட்டுப் பழைய கோயில்களின் வாசலுக்கு முன்னால் தனியாக நிற்கும் உயரமான கல் விளக்குத்தூணும் அப்படித்தான். தேர்வீதியில் வரும்போது கண் முதலில் அதைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் கால் தானாக வாசலுக்குள் போகும். வேலி, தடம், முடிவில் ஒரு பொருள்: நாம் மூணு சென்ட் இடத்தில் செய்யப்போவதும் இவ்வளவுதான்.

முதலில் உட்காருங்கள்

செடியும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். உங்கள் வீட்டில் தோட்டத்தை எங்கிருந்து பார்க்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் மூணு இடம்தான் தேறும்: காலையில் காப்பியோடு உட்காருகிற திண்ணை அல்லது போர்டிகோ நாற்காலி, பாத்திரம் கழுவும்போது நிற்கிற சமையலறை ஜன்னல், வண்டியை உள்ளே விடும்போது கேட். இந்த மூணில் எதில் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்களோ அதுதான் கணக்கு. சம்மந்தகாரர்கள் வந்தால் பார்க்கட்டும் என்று கேட்டுக்கு நேராக வைத்துவிட்டு, தினம் ஒரு மணி நேரம் சமையலறை ஜன்னலில் நிற்கிறவர் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழாயைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்ன நியாயம்?

அந்த இடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்த உயரத்திலும், நின்றால் நின்ற உயரத்திலும் போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது ஏ.சி.யின் வெளிப்பெட்டி. அதற்கடுத்தது போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி. அதாவது என் தோட்டத்துக்கு நடுநாயகம் ஏற்கெனவே இருந்திருக்கிறது, என்னைக் கேட்காமலே. துணி காயப்போடும் கம்பி, நீல நிறத் தண்ணீர் டிரம், கேஸ் சிலிண்டர் கூண்டு இவையெல்லாம் இப்படித்தான் சத்தமில்லாமல் அந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கும். நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள், முடியாததைச் சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். அழகான மறைப்புத் தட்டி போடுகிறேன் என்று செதுக்கு வேலைப்பாடோடு ஒன்றை நிறுத்தினால், மறைக்க நினைத்த இடத்துக்கே எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

வாங்கும் முன் பொடக்காளியைப் பாருங்கள்

பழைய தோட்டத்து வீடு உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆட்டுக்கல், உரல், மாட்டுக்குத் தண்ணி காட்டிய கல்தொட்டி, தவிட்டு நிறத்தில் பழுத்துப்போன மொடாப் பானை, மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்துக் கல் என்று ஏதாவது ஒன்று பொடக்காளியில், அதாவது வீட்டின் பின்பக்கத்தில், கிடக்கும். கிணறோ பெரிய வேம்போ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதைச் சுற்றியிருப்பதைச் சுத்தம் செய்தாலே போதும்.

எங்கள் கல்தொட்டியின் கதை இப்படி. கோபி பக்கம் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் மாடு விற்றபிறகு அது கவிழ்ந்து கிடந்தது, மேலே வறட்டி அடுக்கியிருந்தார்கள். நான் கேட்டதும் அம்முச்சி, "ஏங்கண்ணு, மாடு தண்ணி குடிச்ச தொட்டிய வாசல்ல வெச்சா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார். மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நாலு பேர் போதும் என்று நினைத்துப் போனோம். கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ என்பது அன்றைக்குத்தான் உறைத்தது, குடைந்தது போகக் கல் மட்டுமே 300 கிலோவுக்கு மேல் வரும். கடைசியில் கடப்பாரையால் ஒரு பக்கத்தை நெம்பி, அடியில் இரும்புக் குழாய்த் துண்டுகளைக் கொடுத்து உருட்டி, டிராக்டர் டிப்பரில் ஏற்றினோம். உள்பக்க விளிம்பு ஒன்று மட்டும் வழவழவென்று தேய்ந்து, லேசாகக் குழிந்திருந்தது. அந்தப் பக்கம் நின்றுதான் மாடுகள் கழுத்தை நீட்டியிருக்கின்றன. கடையில் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அந்தத் தேய்மானம் கிடைக்காது, அதனால்தான் பழையதை முதலில் தேடச் சொல்கிறேன்.

வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது திருமுருகன்பூண்டி. அவிநாசி–திருப்பூர் சாலையில் உளிச் சத்தம் கேட்கிற பக்கம் வண்டியை நிறுத்தினால் போதும். சாமி சிலைகள்தான் அங்கே பிரதானம், ஆனால் கல் விளக்கு, தொட்டி, தூண் துண்டு இவற்றுக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு விஷயம்: சாமி சிலையைத் தோட்ட அலங்காரமாக வைப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலிலும் மழையிலும் பிள்ளையாரை நிறுத்திவிட்டு தினப்படி விளக்கேற்றாமல் விட்டால் வருகிற ஏச்சுக்கு நான் பொறுப்பில்லை.

இடத்தைக் குடம் வைத்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, பணமே செலவில்லாத படியும் இதுதான், அதனாலேயே எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஒரு குடத்தை வையுங்கள். மரம் வைக்கிற எண்ணமென்றால் ஏழெட்டு அடி மூங்கிலை நட்டு, மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். அப்புறம் போய் உங்கள் நாற்காலியில் உட்காருங்கள். ரெண்டு நாள் அப்படியே விட்டு காலை, உச்சி, சாயங்காலம் மூணு வேளையும் பாருங்கள். அக்கம்பக்கத்தார் என்ன வேண்டுதலா என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நட்டநடுவில் வைத்தால் கண் அங்கே போய் முட்டி நின்றுவிடும், மீதித் தோட்டம் இருப்பதே தெரியாது. சமச்சீராகக் கட்டின தொட்டிக்கட்டு வீட்டு முற்றத்துக்கு நடு சரி, துளசி மாடம் அங்கே நிற்பதும் அதனால்தான். மற்றபடி இடத்தை மூணு பங்காக மனதில் பிரித்து, ஒரு பங்கின் கோட்டில், கொஞ்சம் தள்ளி வைத்தால் கண் அங்கே போகும், பிறகு பக்கத்திலும் உலாவும். நேர் நடைபாதை இருந்தால் அதன் முடிவு. பாதை வளைந்தால் வளைவின் வெளிப்பக்கம். எல்-வடிவ வீடு என்றால் ரெண்டு அறையின் பார்வையும் வெட்டிக்கொள்கிற புள்ளி ஒன்று இருக்கும், அது கிடைத்தால் விடாதீர்கள்.

அளவில்தான் எல்லோரும் சறுக்குகிறோம், அதுவும் சின்னதாக வாங்கிச் சறுக்குகிறோம். கடையில் கைக்கெட்டும் தூரத்தில் பெரிதாகத் தெரிந்த ஒன்றரை அடி ஜாடி, 30 அடி தள்ளி வைத்தால் மறந்துவைத்த சொம்பு மாதிரி இருக்கும். குடம் சின்னதாகத் தெரிந்தால் ஸ்டூலுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்திப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் உங்கள் கண்மட்டத்துக்குப் பொருளின் தலை வந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பொருளை மாற்ற முடியாவிட்டால் பீடத்தை உயர்த்தலாம், அது மலிவு.

வாஸ்து பார்க்கிறவர்கள் ஈசானிய (வடகிழக்கு) மூலையில் கனமான எதையும் வைக்க விடமாட்டார்கள், அங்கே தண்ணீர் இருக்கலாம் என்பார்கள். இதை முதலிலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். 300 கிலோ கல்லை இறக்கின பிறகு ஜோசியரைக் கூப்பிடுவது நல்ல திட்டம் அல்ல.

எதை வைப்பது: நம் வெயிலுக்கும் காற்றுக்கும்

கொங்கு மண்ணில் ரெண்டு விஷயத்தை மறந்துவிட்டுப் படத்தைப் பார்த்து வாங்கினால் காசு போச்சு. ஒன்று, இது மழை மறைவுப் பிரதேசம், மழை குறைவு. இன்னொன்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. முதல் வருஷம் நான் வைத்தது விசிறி வாழை. நட்சத்திர ஓட்டல் வாசலில் பார்த்த மயக்கம். வைகாசிவரை ராஜா மாதிரி நின்றது, ஆடி பிறந்து பத்தே நாளில் அத்தனை இலையும் சீமாறு மாதிரிக் கிழிந்து தொங்கியது. நாலு பக்கமும் கட்டடம் மறைத்த முற்றத்தில் அது நன்றாக வரும், திறந்த வெளியில் வேண்டாம்.

மரமாக ஒன்று வேண்டும் என்றால் நான் ஈழத்தலரியைச் சொல்வேன், நர்சரியில் பிளுமேரியா என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மார்கழி, தையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, மான் கொம்பு மாதிரி வெறும் கிளையாக நிற்கும். செத்துப்போச்சா என்று பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகுவது அப்போதுதான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அந்த வெறும் கிளையின் நிழல் சாயங்கால வெயிலில் விழுகிறதைப் பார்த்தால் பூவே வேண்டாம் என்றிருக்கும். காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. மாசி, பங்குனியில் தெரிந்தவர் வீட்டில் ஒன்றரை அடிக் கிளை கேட்டு வாங்கி, வெட்டின இடத்தில் வடிகிற பால் காயும்படி ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்து, பிறகு மணல் கலந்த மண்ணில் நட்டால் வேர் பிடித்துவிடும். அந்தப் பால் கண்ணில் படக்கூடாது, கவனம்.

இடம் தாராளமாக இருந்தால், சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளிச் சரக்கொன்றை. சித்திரையில் மஞ்சள் சரம் தொங்குகிற அந்த மூணு வாரத்துக்கு அதுக்கு ஈடே இல்லை, கேரள எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு விஷுக்கணிக்கும் ஆச்சு. ஆனால் மற்ற மாதங்களில் அது சாதாரண மரம்தான், தெரிந்தே வையுங்கள். செலவே இல்லாமல் வேண்டுமா, ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக்கட்ட மட்டும் தேடுகிற செடியை நாலைந்தடிப் புதராக, அடியைச் சுத்தம் செய்து, பெரிய பாறாங்கல் ஒன்றின் பக்கத்தில் தனியாக விட்டுப்பாருங்கள். காகிதப்பூவும் நம் வெயிலுக்கு எழுதிவைத்த செடி, தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும். ஒரே நிறமாக வையுங்கள். நாலு நிறம் கலந்தால் கண்ணுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.

அரளி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நெடுஞ்சாலை நடுவில் நிற்கிற செடி அது, எதையும் தாங்கும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். தவழ்கிற குழந்தையோ ஆடோ உள்ள வீட்டில் நடுநாயகமாக அதை வைக்காதீர்கள்.

இனி தண்ணீர். தண்ணீருக்கு நிகராகக் கண்ணை இழுக்கிற பொருள் இல்லை, நம் ஊரில் அதுக்கு மதிப்பும் அதிகம். ஆனால் பம்பு வைத்த செயற்கை நீரூற்றை நம்பி ஏமாந்தவன் நான். சாலையோரக் கடையில் வாங்கிய ஃபைபர் பாறை அருவி, மூணே மாதத்தில் உப்பு பூத்து, கறுப்புப் பாறை வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது, பம்பும் அடைத்துக்கொண்டது. நம் போர்த் தண்ணீர் அப்படி. உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு இந்தப் பாடு இல்லைதான், ஆனால் அதைப் பிடித்துச் செயற்கை அருவியில் ஊற்றினால் வீட்டில் அடி விழும். அசையாத தண்ணீரே போதும். கல்தொட்டியிலோ அகலமான சிமெண்ட் தொட்டியிலோ அடியில் ஒரு கை உயரத்துக்குக் களிமண், அதில் ஒரே ஒரு அல்லிக் கிழங்கு, மேலே தண்ணீர். அஞ்சு ஆறு மணி நேரம் நேர் வெயில் படவேண்டும், இல்லாவிட்டால் இலைதான் வரும். கொசு முட்டையிட்டுப் பறக்க நம் வெப்பத்தில் ஏழெட்டு நாள் போதும், அதனால் கப்பி மீன் நாலைந்து கட்டாயம். மீன் விடப் பிடிக்காதவர்கள் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டி, தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். மொட்டை மாடித் தண்ணீரைக் குழாயில் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் ஐப்பசி மழையில் உப்பும் கொஞ்சம் கழுவிப் போய்விடும்.

பின்னணியும் பாதையும்

பொருள் சரியாக இருந்தும் எடுபடவில்லை என்றால் தப்பு பின்னால் இருக்கிறது. கருங்கல்லுக்கு வெள்ளைச் சுவர் அல்லது காவி. வெள்ளைப் பூவுக்கு, வெளிர் நிறச் செடிக்கு அடர் பச்சை வேலி. மூணு நிறத்தில் டிசைன் டைல்ஸ் ஒட்டின சுவருக்கு முன்னால் எதை வைத்தாலும் தோற்றுப்போகும். சுவரில் பொருளின் அகலத்தைப்போல் ரெண்டு மடங்கு மட்டும் ஒரே நிறத்தில் அடித்தாலே வித்தியாசம் தெரியும், ஒரு லிட்டர் பெயின்ட் வேலை. இடமிருந்தால் கிளுவைக் குச்சிகளை நெருக்கி நட்டு வேலி போடுங்கள். கோடையில் இலை உதிர்ந்தாலும் பச்சையும் மஞ்சளுமாகத் தண்டே அழகு.

பாதை நேராகவோ வளைந்தோ இருக்கட்டும், ஓரங்களில் ஒரே செடியைத் திரும்பத் திரும்ப வையுங்கள், இட்டேரி வேலி மாதிரி. முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். பொருளின் காலடியில் மட்டும் கொஞ்சம் தரைபடர் செடியோ கூழாங்கல்லோ. அதையே ஆசைப்பட்டு உயரச் செடியாக வைத்தால் ஆறே மாதத்தில் ஆட்டுக்கல்லைத் தேடவேண்டியிருக்கும்.

இறக்கி வைப்பது

கனமான கல்லை வெறும் மண்ணில் வைத்தால் முதல் மழைக்கே ஒரு பக்கம் சாயும். பொருளின் அடியைவிட நாலு பக்கமும் அரையடி கூடுதலாக, முக்கால் அடி ஆழம் தோண்டி, ஜல்லி போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே எம்-சாண்ட் பரப்பி மட்டம் பார்த்து வையுங்கள். தொட்டி என்றால் மட்டம் ரொம்ப முக்கியம், அரை அங்குலம் சாய்ந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் மேஸ்திரி டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துவிட்டு, "சரியாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டார், தண்ணீரை ஊற்றியதும் கிழக்குப் பக்கம் வழிந்தது. மறுபடி கடப்பாரை, மறுபடி குழாய்த் துண்டுகள்.

மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள் கல்லை மறந்துவிடுங்கள். மாடித் தளத்துக்குப் பொதுவாகப் போடுகிற சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான். மண் நிரப்பிய பெரிய தொட்டியே அதை எட்டிவிடும். அங்கே அடீனியம் செடி ஒன்றை நல்ல மண்தொட்டியில், தூண் இருக்கிற ஓரமாக வைத்தால் போதும். அடுக்குமாடி பால்கனிக்கும் இதேதான், உள்ளே சோபாவில் உட்கார்ந்தால் தெரிகிற மூலையில் ஒன்று, மற்றதெல்லாம் கைப்பிடிச் சுவர்மேல் இல்லாமல் உள்ளே தரையில்.

விளக்கு வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, மூணு வாட் மஞ்சள் ஒளி எல்.இ.டி., பொருளின் பக்கவாட்டில் தரையிலிருந்து மேல்நோக்கி. தண்ணீர் பக்கம் 12 வோல்ட் வயரிங்தான் பாதுகாப்பு. நிறம் மாறி மாறி மின்னுகிறது கோயில் நோம்பிக்கு நல்லாயிருக்கும், தினமும் பார்த்தால் தலை வலிக்கும்.

ரெண்டாவது எப்போது

முதல் வேலை முடிந்த சந்தோஷத்தில் புத்தர் தலை, மாட்டுவண்டிச் சக்கரம், சிமெண்ட் கொக்கு என்று கை நீளும். ஒரு இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான் தெரியவேண்டும். ரெண்டாவது வேண்டும் என்றால் அது வேறு ஜன்னலுக்கானது, முதலாவதிலிருந்து பார்த்தால் மறைந்திருக்க வேண்டும். அதையும் உடனே செய்யாதீர்கள். ஒரு ஆடிக்காற்று, ஒரு ஐப்பசி மழை, ஒரு பங்குனி வெயில் மூணும் போகட்டும். வெயில் விழுகிற கோணம் மாறும்போது முதலாவதையே ரெண்டடி நகர்த்தத் தோன்றலாம். தொட்டிச் செடியென்றால் நகர்த்துவது சுலபம், கல்லென்றால் மறுபடி நாலு பேருக்குச் சோறு ஆக்கணும்.

என் 42 தொட்டியில் இப்போது 15 இருக்கிறது, மீதியைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். போன தடவை வந்த அம்முச்சி நாற்காலியைக் கல்தொட்டிக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காக்காய் ஒன்று வந்து தொட்டியில் தலையை முக்கிச் சிலுப்பிக்கொண்டிருந்தது. "மாட்டுக்கு வெச்ச தண்ணிய காக்கா கலக்குது பாரு, வெரட்டு கண்ணு" என்றார்.